பத்தடி மெஷின்

பத்தடி மெஷினைத் தெரிவு செய்தது நான்தான். இதை முதலில் எழுதிவிடுகிறேன். ஊரில் யாராவது கேட்டால், நானும் மச்சானும் சேர்ந்து பார்த்துத்தான் எடுத்தோம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன். என் டயரியிலும் அப்படித்தான் இருக்கிறது. டயரியில் நான் எழுதியதெல்லாம் உண்மை என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

மச்சான் என் தங்கையின் கணவர்; அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். கட்டாரில் விளம்பரப் பலகைக் கம்பனி ஒன்றில் பதினொரு வருடம் அச்சு மெஷின் ஓட்டியவர். நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படவரைஞராக இருந்து, வயது வருவதற்கு முன்பே ஓய்வெடுத்தவன். அவர் ஊருக்கு வந்து சேர்ந்த காலமும் எனக்குக் கந்தோர் அலுத்துப்போன காலமும் ஒன்றாக அமைந்தன. சாய்ந்தமருதில், பிரதான வீதியைப் பார்த்தபடி இருக்கும் தங்கையின் வீட்டு முன்னறையில் பெனரும் பெயர்ப்பலகையும் அடிக்கும் கடை ஒன்று போடுவது என்று பேசிக்கொண்டோம். அவருக்கு மெஷின் தெரியும், எனக்கு அளவு தெரியும். அது போதும் என்று நினைத்தேன்.

இன்று கடை இருக்கிறது, மெஷினும் இருக்கிறது. மச்சான் அங்கே வேலை செய்வதில்லை. அது ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

எந்த மெஷின் வாங்குவது என்று தீர்மானிப்பதற்கு முன் நான் செய்த வேலை அளப்பது. ஒரு மூங்கில் தடியில் அடிக்கு அடி சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு, கல்முனைச் சந்தியிலிருந்து மாளிகைக்காடு வரை மூன்று நாள் நடந்தேன். தொங்கிக்கொண்டிருந்த பெனர், கடைப் பலகை ஒவ்வொன்றின் அகலத்தையும் குறித்தேன். இரண்டாம் நாள் ஒரு பலசரக்குக் கடைக்காரர் வாசலுக்கு ஓடி வந்தார்.

“காக்கா, ரோட்ட அகலிக்கப் போறாங்களா? எங்கட மதில் தப்புமா, தப்பாதா?”

“இல்ல, பெனர் அளக்கிறன்.”

“பெனரயா? பெனர என்னத்துக்கு அளக்கிற? வரி போடப் போறாங்களோ?”

அவரை நம்பவைக்க எனக்குக் கால்மணி நேரம் பிடித்தது. திரும்பி வரும்போது அவர் தன் பலகையைக் கழற்றி உள்ளே வைத்திருந்ததைக் கண்டேன்.

அளவுகள் தெளிவாகத்தான் இருந்தன. பல்கலைக்கழகம் கிடைத்த பிள்ளைக்கு வாழ்த்து, உம்றா போய் வந்தவருக்கு வரவேற்பு, தையல் கடை, பாமசி, கோழிக்கடை என்று பெரும்பாலானவை ஐந்தடிக்குள் அடங்கின. கிரிக்கட் போட்டிக்கும் தேர்தலுக்கும் பள்ளிவாசல் கட்டட நிதிக்கும் கட்டியவை மாத்திரம் பெரியவை. ஐந்தடி போதும் என்று என் கையால் எழுதிய அந்தப் பட்டியலே எனக்கு வழி சொன்னது. நான் அந்தப் பெரியவற்றையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தடி மெஷின் வைத்திருக்கிற கடை அப்போது எங்கள் பக்கத்தில் இருக்கவில்லை. பெரிய பெனர் வேண்டுமென்றால் மட்டக்களப்புக்குத்தான் அனுப்ப வேண்டும். “பத்தடி அடிக்கிற கடை” என்று எங்களைச் சொல்வார்கள் என்பது என் மனத்தில் விழுந்துவிட்டது. ஒழுங்கான மனிதன் என்று பெயரெடுத்தவனுக்கும் இப்படியான ஆசை வரும். அவன் அதைப் பட்டியலுக்குள் ஒளித்து வைப்பான்.

மச்சான் கேட்டது ஐந்தடி மெஷின். புதியது, மணம் குறைந்த மையில் ஓடுவது.

“அஞ்சடி போதும் மச்சான். பெருசு கேட்டா ரெண்டு துண்டா அடிச்சு ஒட்டிக் குடுக்கலாம்.”

“ஒட்டுப் போட்ட பெனர நம்மட கடயில இரிந்து வெளியாக்குறதா?”

“கரண்ட் கம்பத்துல கட்டுற பெனர ஆரு மச்சான் ஏணி வெச்சு ஏறிப் பாக்கப் போறாங்க?” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் பதினான்கு பத்திகள் உள்ள அட்டவணை ஒன்று வரைந்தேன். அகலம், வேகம், மையின் விலை, மை தெளிக்கும் ஹெட் கிடைக்கும் இடம், மின்சாரச் செலவு, திருத்துகிறவர் வந்துபோகும் தூரம் என்று எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டேன். பழைய பத்தடி மெஷின் ஒன்று புதிய ஐந்தடியின் விலைக்கே கிடைக்கும் என்பதால் புள்ளிகள் அந்தப் பக்கம் ஏறின. பதினோராவது பத்தி ‘மணம்’. பத்தடி மெஷினில் ஊற்றுகிற சொல்வென்ட் மை, பெயின்ற் கடையையும் பெற்றோல் செட்டையும் ஒன்றாகச் சேர்த்தது போல மணக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் ‘பழகிவிடும்’ என்று எழுதியிருக்கிறேன். யாருக்குப் பழகிவிடும் என்று எழுதவில்லை.

மெஷின் பார்க்க இரண்டு பேரும் கொழும்புக்குப் போனோம். பழைய மெஷின்களை இறக்கி விற்கிறவரின் களஞ்சியத்தில் அது நின்றது. மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். ஹெட்டைச் சோதிக்கும் கோடுகளை அடித்தெடுத்து, தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து, விடுபட்ட கோடுகளைத் தேடினார். பட்டியைத் தொட்டுப் பார்த்தார், தண்டவாளத்தில் விரலை ஓட்டினார். கடைசியில் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இதுட புகை எங்கால போற?”

“இது என்ன குசினியா தம்பி, புகை போறதுக்கு? சீலிங் பேனப் போட்டு உட்டாச் சரி.”

நானும் விற்பவரோடு சேர்ந்து சிரித்தேன். அன்றைய டயரிப் பக்கத்தில் ஹெட் நல்லது, பட்டி நல்லது, தண்டவாளத்தில் சிறு கீறல் என்று எல்லாம் இருக்கிறது. அந்தக் கேள்வி மட்டும் இல்லை.

கல்முனை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டேன்.

“என்ன மச்சான், முடிச்சிருவமா? ஒங்களுக்குப் பொருத்தமா?”

அவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க பாத்துச் செஞ்சாச் சரி. எனக்குப் பொருத்தம்.”

‘மச்சானுக்கும் பொருத்தம்’ என்று அன்றே எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

எங்கள் ஆட்கள் மத்தியில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. ஒரு பொருளை வாங்கி விற்கும்போது, மனம் ஒத்துத்தான் கைமாறுகிறது என்பதற்கு இரண்டு பக்கமும் பொருத்தம் என்று சொல்வோம். ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாக வந்து, தெரிந்தோ தெரியாமலோ ஏதும் குறை செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்பார். அப்போதும் பொருத்தம் என்றுதான் சொல்லி அனுப்புவோம். ஒன்று சம்மதம். மற்றது, எனக்கு மனக்குறை இல்லை, விட்டுவிட்டேன் என்பது. மச்சான் பஸ்ஸில் சொன்னது இரண்டாவது. நான் எழுதிக்கொண்டது முதலாவது.

அவர் ஏன் நேரே சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்தால் ஆண் பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது அவள் வாப்பாவின் கடமை, அவர் இல்லையென்றால் மூத்த சகோதரர்களான நானாமார் காக்காமாரின் கடமை. எங்கள் வாப்பா நேரத்தோடு மௌத்தாகிவிட்டார். தங்கையின் வீட்டை நான்தான் கட்டினேன். படம் வரைந்தது, அத்திவாரத்தில் கயிறு பிடித்தது, கதவுக்கு மரம் தெரிவு செய்தது எல்லாம் நான். மச்சான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். நானும் என் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் அங்கே சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் மனைவியின் காக்காவிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத்தான் அடித்திருக்கிறேன். அந்தக் கூச்சம் எனக்கு நன்றாகத் தெரியும். அது மச்சானுக்கும் இருக்கும் என்று ஒரு தடவையாவது நினைக்கவில்லை.

மெஷின் லொறியில் வந்து இறங்கியது. முன்னறையின் இரட்டைக் கதவைக் கழற்றித்தான் உள்ளே ஏற்றினோம். முதல் மாதங்கள் நன்றாக ஓடின. மச்சானின் கண் அபூர்வமானது. திரையில் பார்த்த பச்சை நிறம் துணியில் எப்படி விழும் என்று அடிப்பதற்கு முன்பே சொல்வார். பள்ளிவாசல் பெனர் ஒன்றுக்கு மினாராவின் நிழலை நீலத்தில் போடச் சொன்னார். கறுப்பு வேண்டும் என்று நான் நின்றேன். இரண்டையும் சாண் அகலத்தில் அடித்துக் காட்டினார். நீலத்துக்கே தலையாட்டினேன்.

பிறகு மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கியது. வீதிப் புழுதி அள்ளிக்கொண்டு வந்து ஈர மையில் ஒட்டியது. மூன்று பெனர் பழுதானதும் யன்னல்களையும் வாசலையும் அடைக்கச் சொன்னேன். அடைத்ததும் மணம் வீதிக்குப் போக வழியில்லாமல் வீட்டுக்குள் போனது. சுவரைத் துளைத்து, காற்றை வெளியே தள்ளும் பெரிய பேன் ஒன்று பூட்ட வேண்டும் என்று மச்சான் இரண்டு தடவை மெதுவாகச் சொன்னார். நான் எழுப்பிய சுவர் அது. ‘பேன், அடுத்த மாதம்’ என்று டயரியில் நான்கு இடத்தில் இருக்கிறது.

“காக்கா, சோத்துலயும் ஒங்கட மெஷின்தான் மணக்குது” என்று தங்கை சொன்னாள். “மீன் ஆணம் ஆக்கினா ஆணத்துல வாசமே இல்ல, பெனர் வாசம்தான்.”

“நாலு நாளையில பழகிரும்.”

“ஓம், எனக்குப் பழகிரும். இவர்ர இருமலப் பாருங்களே.”

மச்சான் கையை வீசினார். “அது கட்டார் ஏசிட இருமல். இன்னும் வெளிக்கிடுதில்ல.”

அந்தப் பகிடிக்கும் சிரித்தேன்.

கச்சான் நடுப்பகுதியில் மச்சான் பகலில் கடையில் வேலை செய்துவிட்டு, படுப்பதற்கு மருதமுனையிலுள்ள தன் உம்மா வீட்டுக்குப் போகத் தொடங்கினார். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எட்டு நாள் ஆனது. எங்கள் ஊரில் மாப்பிள்ளை உம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். லுஹர் தொழுதுவிட்டு வரும்போது ஒருவர் என் தோளில் கை வைத்தார்.

“என்ன, தங்கச்சிட மாப்புள உம்மா ஊட்டயாமே? ஒண்டும் பெருசா இல்லதானே?”

தங்கையிடம் போய்க் கேட்டேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

“அவருக்கு அங்க காத்து நல்லமாம் காக்கா.”

“காத்தா? என்ன கத இது? ரெண்டு பேருக்கும் என்ன பிரச்சின?”

“ஒரு பிரச்சினயும் இல்ல. காத்துத்தான்.”

புருஷனை விட்டுக்கொடுக்காமல் மறைக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அதைத்தான் நான் நம்பவில்லை. மச்சானிடம் கேட்டிருக்கலாம். தினமும் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். தங்கையின் குடும்ப விஷயத்தை அவள் புருஷனிடம் நேரே பேசுவது முறையில்லை என்று எண்ணினேன். முறைப்படி போவதாக நினைத்து, பள்ளிவாசல் நிருவாகத்திலுள்ள மரைக்கார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அஸர் தொழுகைக்குப் பிறகு மருதமுனைக்குப் போனேன். குடும்பப் பிணக்குகளைத் தீர்த்து வைப்பதில் பெயர் பெற்றவர் அவர். ஓட்டோவில் போகும்போதே தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டார்.

மச்சான் வெளி விறாந்தையில் பெனியனோடு இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவருடைய உம்மா கதிரைகளைத் துடைத்துப் போட்டார். மரைக்காரைக் கண்டதும் விஷயம் என்னவென்று அந்த மனுசிக்கு விளங்கியிருக்கும். முகம் சுருங்கிப்போனது.

மரைக்கார் பேசினார். கணவன் மனைவி கடமைகள், பொறுமை, பிள்ளைகளின் முகம் என்று நீளமாகப் பேசினார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு ஒரு சொல்லும் விடாமல் கேட்டார். தேநீர் வந்தது.

“இப்ப நீங்க சொல்லுங்க மகன். மனசுல உள்ளதச் சொல்லுங்க” என்றார் மரைக்கார்.

“மரைக்கார், எனக்கும் அவவுக்கும் ஒரு சண்டயும் இல்ல. பகலைக்குச் சோறும் அங்கதான் திங்கிறன்.”

“மறுகா என்னத்துக்கு இஞ்ச வந்து படுக்கிறீங்க?”

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. “அந்த ஊட்டுல எனக்கு மூச்செடுக்க ஏலாம இரிக்கி. முட்டு. படுத்தா நெஞ்சு அடைக்கிது.”

கட்டாரில் கடைசி வருடம் அவருக்கு முட்டு வருத்தம் வந்திருக்கிறது. சொல்வென்ட் மெஷின் பக்கமே போகக்கூடாது என்று அங்குள்ள டொக்டர் சொன்ன பிறகுதான் வேலையை விட்டு வந்திருக்கிறார். ஒப்பந்தம் முடிந்து வந்ததாகத்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார். உழைக்கப் போன மனுசன் வருத்தத்தோடு திரும்பினான் என்ற பேச்சு வேண்டாம் என்று, தங்கையையும் வாய் திறக்கக்கூடாது என்று கேட்டிருந்தார். இதையெல்லாம் அந்த விறாந்தையில்தான், அவருடைய உம்மா கேட்டுக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த மனுசி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அவரும் அப்போதுதான் கேள்விப்படுகிறார்.

“என்ட அல்லாஹ்வே” என்றேன். “ஏன் மச்சான் ஒரு சொல்லுச் சொல்லல்ல? அஞ்சடி எடுப்பம் எண்டு நீங்க கதைக்கக்குள்ள இதச் சொல்லிரிந்தா நான் பத்தடிய நினைச்சும் பாத்திரிக்க மாட்டன்.”

அப்போதுதான் என்னைப் பார்த்தார். கோபம் இல்லாத முகம்.

“நீங்க கட்டின ஊடு மச்சான். அதுக்குள்ள எத வெக்கிற, எத வெக்கப்படா எண்டு நானா சொல்ற?”

மரைக்கார் கதிரையில் அசைந்து உட்கார்ந்தார்.

“அப்ப என்ன ஏன் கூட்டி வந்தீங்க?” என்று என்னிடம் கேட்டார். “மெஷின் திருத்துற ஆளத்தானே கூட்டி வந்திரிக்கணும்?” தேநீரை முடித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, “அது கிடக்கட்டும், நம்மட பள்ளிப் பெனர் வெள்ளிக்கிழமைக்கு முன்னுக்குக் கிடைக்குமா?” என்றார்.

மச்சான் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த இருமலை நான் அதுவரை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது எங்கே போய் முடிகிறது என்று காத்திருந்து கேட்டேன். நீண்ட நேரம் எடுத்தது.

அடுத்த கிழமையே மெஷினை நற்பிட்டிமுனைப் பக்கம் ஒரு பழைய நெல் களஞ்சியத்துக்கு மாற்றினேன். அங்கே சுவரைத் துளைத்து இரண்டு பேன் பூட்டினேன். தங்கை முன்னறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, யன்னல்களைத் திறந்துவிட்டாள். மச்சான் வீட்டுக்குத் திரும்பினார். ஊரில் பேச்சு அவ்வளவு கெதியாக நிற்கவில்லை. மரைக்கார் போய்ச் சமாதானம் பேசித்தான் மாப்பிள்ளை திரும்பினார் என்று இப்போதும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லாத சண்டைக்கு நானே ஊரறியச் சாட்சி கூட்டிப்போனேன். அதை என்னால் அழிக்க முடியவில்லை. தங்கை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சில மாதங்கள் என்னோடு வேறு எதைப்பற்றியும் அதிகம் பேசவில்லை.

இங்குள்ள டொக்டரும் கட்டார் டொக்டர் சொன்னதையே சொன்னார். மச்சான் களஞ்சியத்துக்கு வரவில்லை. மெஷினை ஓட்ட நானே பழகினேன். நிறம் எனக்கு இன்னும் சரிவரவில்லை. பெனர்கள் நேராக இருக்கின்றன, எழுத்து அளவாக இருக்கிறது, நீலம் எப்போதும் கொஞ்சம் அழுக்காக விழுகிறது. வாடிக்கையாளர்கள் குறை சொல்வதில்லை. அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மச்சான் மருதமுனையில் சாரன் விற்கும் துணிக்கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். போன மாதம் அங்கே போனேன். மணம் குறைந்த மையில் ஓடும் ஐந்தடி மெஷின் ஒன்று வாங்குவது என்றும், அதற்குத் தனியாக, காற்று வருகிற வேறொரு அறை எடுப்பது என்றும் தீர்மானித்திருந்தேன். அட்டவணை எதுவும் கொண்டுபோகவில்லை. எந்த மெஷின் என்று அவரே தெரிவு செய்யட்டும், அறையையும் அவரே பார்க்கட்டும் என்று சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டே ஒரு சாரனை மடித்தார்.

“நல்ல யோசனதான் மச்சான். அஞ்சடி ஒங்களுக்கு நல்லா ஓடும்.”

“எனக்கில்ல, நமக்கு. நீங்களும் வருவீங்கதானே?”

மடித்த சாரனை அடுக்கில் வைத்தார். அதன் விளிம்பை மற்றவற்றோடு சமப்படுத்தினார்.

“வேணாம் மச்சான். நான் வரல்ல.”

“அந்த மையில மணமே இல்ல எண்டு சொல்றாங்க. மற்றது...” என்று இரண்டாவது காரணத்தைச் சொல்லத் தொடங்கினேன். என் குரல் எனக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

இத்தனை வருட உறவில் அவர் எனக்கு முகத்துக்கு நேரே மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. சரி மச்சான் என்றேன். இன்னொரு தடவையும் சரி என்றேன்.

அப்போது ஒரு பெண் வந்து, தன் வாப்பாவுக்கு மாம்பழ மஞ்சளில் சாரன் இருக்கிறதா என்று கேட்டார். மச்சான் மூன்று மஞ்சள்களை எடுத்தார். கடைக்குள் எரிந்த விளக்கில் மூன்றும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. அவர் அவற்றை வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி, வித்தியாசம் சொன்னார். அந்தப் பெண் இரண்டாவதைக் காட்டினார்.

“அதான் சரி” என்றார் மச்சான்.

நான் ஸலாம் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். “ஒங்கட தங்கச்சி பின்னேரம் வரச் சொன்னவ, மறந்திராதீங்க” என்று பின்னாலிருந்து சொன்னார். வருகிறேன் என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு, களஞ்சியத்துக்கு, மெஷினிடம் போனேன்.